ஸ்பேர் பெட்டி

கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது பாட்டுக்கு அங்கேயே கிடந்து தூசி தின்றிருக்கும். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னவள் நான். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டேனா? சாப்பிட உட்கார்ந்தால் சொன்னேன். விளக்கை அணைத்த பிறகும் சொன்னேன். கடைசியில் என் கையாலேயே வேன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"ஏய், கருகுது! எங்க இருக்கே நீ?"

பக்கத்து மேசைக்காரி தோளில் தட்டிய பிறகுதான் அவள் இஸ்திரியைத் தூக்கினாள். வெள்ளை விரிப்பின் ஓரத்தில் இலை வடிவத்தில் ஒரு பழுப்புத் தடம் விழுந்திருந்தது. தண்ணீர் தெளித்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து அடுக்கில் வைத்தாள்.

விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளுத்துத் தேய்த்து அனுப்பும் கூடம் அது. ஒரு பக்கம் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் நீள மேசைகளில் பெண்கள் நின்று தேய்ப்பார்கள். நடுவில் எப்போதும் ஆவி. மழைக்காலத்தில் அந்த ஆவி வெளியே போகாமல் கூரைத் தகரத்தில் முட்டித் துளியாகித் திரும்பக் கழுத்தில் விழும். தரை ஈரமாக இருப்பதால் காலடியில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள்.

காலையில் வேலை தொடங்குமுன் ஒவ்வொருத்தியும் தன் இஸ்திரியின் பிளக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்று பின்னும் இருக்கிறதா, ஆடுகிறதா என்று. ஒன்று உடைந்திருந்தாலும் வயரோடு கழற்றிக் கதவோரம் இருக்கும் சிவப்பு வாளியில் போட்டுவிடுவார்கள். முன்பு எப்போதோ ஒருத்தி ஈரக்காலோடு நின்று தூக்கி எறியப்பட்டதிலிருந்து வந்த வழக்கம். அவள் கை அதைத் தானாகவே செய்யும். பேசிக்கொண்டே செய்யும், சிரித்துக்கொண்டே செய்யும். அதே கைதான் வீட்டில் அந்த வயரைச் சுற்றிக் கட்டியது என்பதை அவளால் எந்தப் பக்கமும் மடித்து உள்ளே தள்ள முடியவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கலாம்ல? வீட்ல இவ்வளவு பெரிய சாவு விழுந்திருக்கு," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"வீட்ல இருந்தா மட்டும் என்ன?"

"அதுவும் சரிதான். சின்னப் பையன். கொழுந்தன்னு கூட நினைக்க மாட்டே நீ, பிள்ளை மாதிரில்ல வச்சிருந்தே. ஒருநாள் உன்னைக் கூப்பிட இங்க வந்தான். வாசல்ல நின்னு பாடிக் காட்டுடான்னதும் வெக்கமே இல்லாம பாடுனான். நம்ம சூப்பர்வைசர் அம்மாவே சிரிச்சிட்டாங்க, நினைவிருக்கா?"

அவள் அடுத்த விரிப்பை உதறினாள்.

அவளுடைய கணவனைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கீபோர்டு வாசிப்பவன். சின்ன இசைக்குழு ஒன்றை நடத்தினான். குழு என்றால் மூன்று பேர்தான்: அவன், கிடார் வாசித்துக்கொண்டே பாடும் அவன் தம்பி, டிரம்ஸ் அடிக்கும் பீப்பா. பீப்பாவின் உண்மையான பெயரைக் கேட்டால் அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். கல்யாண வரவேற்பு, கம்பெனி விருந்து, விடுதிகளில் சனி ஞாயிறு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். கீழே இரண்டு அறையில் இவளும் மாஸ்டரும். மாடியில் ஒரே அறையில் கொழுந்தனும் அவன் மனைவியும். அவளைச் சின்னவள் என்பார்கள். கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து அதுதான் பெயர்.

கிடாரின் சத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் வெளியே வரும். வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. நல்ல பெட்டி ஒன்று இருந்தது. அது வருவதற்கு முன் மாஸ்டர் வாங்கிய பழைய பெட்டி ஒன்று, மூலைகளில் தோல் உரிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அவள் நிகழ்ச்சிகளுக்குப் போவது அபூர்வம். போன வருடம் ஒரு கம்பெனி விருந்துக்குப் போயிருந்தாள். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில் கிடார் ஊமையானது. கொழுந்தன் கம்பியை மீட்டினான். ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் கீபோர்டை விட்டு எழுந்து வந்து பெட்டியின் முன்னால் மண்டி போட்டான். உள்ளங்கையால் தட்டினான். திருகினான். மறுபடி தட்டினான். பீப்பா மட்டும் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருவன் டம்ளரில் கரண்டியால் தட்டித் தாளம் போட்டான். அவன் மேசையே சேர்ந்து தட்டியது. யாரோ, "மாஸ்டர், காசு போட்டாத்தான் பாடுமா?" என்று கத்த, கூடம் முழுக்கச் சிரித்தது.

அவளுக்குத் தெரிந்தது மாஸ்டரின் பின்கழுத்து மட்டும்தான். காலர் நனைந்து ஒட்டியிருந்தது. அந்தக் கழுத்தை அவள் அவ்வளவு நாளாக எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாயின் கழுத்து மாதிரி அது ஆகும் என்று நினைத்ததில்லை. ஐஸ்கிரீம் கிண்ணத்தை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றாள். அங்கே நின்றிருந்த டிரைவர், "உள்ள என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதற்கு, "தெரியலைங்க, நான் அவங்களோட வரலை," என்று சொன்னாள்.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து ஸ்பேர் பெட்டி, ஸ்பேர் பெட்டி என்று நச்சரிக்கத் தொடங்கினாள். அவனுக்காகத்தான் சொல்கிறோம் என்றுதான் அப்போது நம்பினாள். இப்போது இஸ்திரியின் சூட்டில் நின்று யோசித்தால், இனி ஒரு தடவை அந்தக் கழுத்தைப் பார்க்க நேர்ந்தால் தான் மறுபடியும் அவனை மறுதலித்துவிடுவோம் என்ற பயம்தான் அப்படிப் பேசியது என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் குழுக்காரர்கள் மூன்று பேரும் கீழ் அறையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது பெரிய வழக்காகவே நடந்தது.

"ஒழுங்கா பார்த்துக்கிட்டா ஒண்ணு போதும்," என்றான் மாஸ்டர். "ஸ்பேர் இருக்குன்னு தெரிஞ்சா மெயினை எவனும் கவனிக்க மாட்டான். மனுஷ புத்தி அப்படி."

"அன்னிக்குக் கவனிச்சுத்தானே வச்சிருந்தீங்க? அப்பவும் போச்சுல்ல?"

"போச்சு. ஒருநாள் போச்சு. அதுக்காக வீட்டையே பெயர்த்து வேன்ல ஏத்தச் சொல்றியா?"

பீப்பா முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். "தங்கச்சி சொல்றபடி பார்த்தா எல்லாத்துக்கும் ஒண்ணு ஸ்பேர் வேணும், மாஸ்டர். கீபோர்டுக்கு ஒண்ணு, கிடாருக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணு. அப்ப எனக்கு?"

"உங்களுக்கு ஸ்பேர் எடுத்தா வேன் நகராதுண்ணே," என்றான் கொழுந்தன். "பின்னாடி லாரி வரணும்."

"வயித்தைப் பத்திப் பேசாதடா. அதுதான் என் ஸ்டெப்னி. முன்னாடியே மாட்டி வச்சிருக்கேன்."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பீப்பாவுக்குத் தெம்பு கொடுத்தது. "எல்லாத்துக்கும் ஒரு ஸ்பேர்னா, வீட்டுக்காரிக்கும் ஒண்ணு..."

"முடிங்கண்ணே," என்றாள் இவள். "முடிச்சிட்டு அப்படியே உங்க வீட்டுக்குப் போய் அதைச் சொல்லுங்க. நாளைக்கு டிரம்ஸுக்கு வேற ஆள் தேடிக்கறோம்."

"ஐயோ, நான் எதுவுமே சொல்லலம்மா."

கொழுந்தன்தான் அவள் பக்கம் நின்றான். "அண்ணே, நான் அண்ணி கட்சி. கம்பி அறுந்தா மாத்தக் கம்பி வச்சிருக்கேன். பாட்டரி வச்சிருக்கேன். பெட்டி போனா மட்டும் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" அவன் கம்பிகளையும் பாட்டரியையும் ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருப்பான். அந்தக் காலுறையை எடுத்து மேசையில் வைத்து, கட்சிச் சின்னம் மாதிரி தூக்கிக் காட்டினான். "எங்கள் ஓட்டு அண்ணிக்கே!"

மாஸ்டர் சிரித்துவிட்டான். அவன் சிரித்தபோதே தான் ஜெயித்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

அந்தக் கடைசி நிகழ்ச்சி நாள் காலையிலிருந்தே மழை. படுக்கையறைச் சுவர் எப்போதும் போல அடியில் ஊறியிருந்தது. வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பெட்டியை இழுத்தாள். துடைத்த துணி ஈரமாக வந்தது. அதைப் பார்த்தாள். இன்னொரு துணியால் துடைத்தாள். போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பேர் என்பது எடுத்துக்கொண்டு போவதற்குத்தான். கூடவே வந்தால் போதும், மனசு நிம்மதியாக இருக்கும்.

வயரைச் சுற்றும்போது கை நின்றது. பிளக்கில் இரண்டு பின்தான் இருந்தது. மூன்றாவதாக எர்த் பின் இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் ராவின மொட்டைத் தடம்.

"என்னங்க, இதுல ஒண்ணு இல்லையே?"

மாஸ்டர் கீபோர்டை உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். "நான்தான் எடுத்தேன். அது இருந்தா உர்ருனு ஒரு இரைச்சல் வந்துக்கிட்டே இருக்கும். பாட்டுல ஒரு இடத்துல எல்லாம் நின்னு அமைதியா வரும் பாரு, அங்க அசிங்கமா கேட்கும். எல்லாரும் பண்றதுதான்."

"எங்க லாண்டரில இப்படி இருந்தா தூக்கிப் போட்டுருவாங்க."

"உங்க லாண்டரில பாட்டா பாடுறாங்க? இத்தனை வருஷம் அதுலதானே வாசிச்சோம், ஏதாவது ஆச்சா?"

மாடியிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "அக்கா, அவர் சட்டை ஈரமா இருக்கு. ஒரு தேய்ப்பு தேய்ச்சுக் கொடுத்துடறீங்களா?"

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. "நேரமில்லம்மா," என்று கத்தினாள் இவள். "மேடை வெளிச்சத்துல காஞ்சிடும்."

வயரை இறுக்கமாகச் சுற்றி முடிந்து, பெட்டியை மழையில் மார்போடு அணைத்துக்கொண்டு போய் வேனில் வைத்தாள். கொழுந்தன் உள்ளிருந்து கை நீட்டி வாங்கினான். சட்டையின் காலர் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது.

வேலை முடிந்து அவள் வீடு திரும்பியபோது மழை விட்டிருந்தது. மாஸ்டரின் செருப்பும் பீப்பாவின் செருப்பும் வாசலில் கிடந்தன. அவள் உள்ளே போகாமல் நேராக மாடி ஏறினாள்.

சின்னவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவள் காலையில் வைத்துவிட்டுப் போன சோறு மூடியது மூடியபடி இருந்தது. மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. உள்ளே அந்தச் சட்டை.

"ஒரு வாய் கூடச் சாப்பிடலையா?"

"இப்பவும் ஈரமாத்தான் இருக்குக்கா," என்றாள் சின்னவள். பையைத் திறந்து காலரை மட்டும் விரலால் தொட்டாள். "பைக்குள்ளயே வச்சிருக்காங்கள்ல, அதான் காயல. டாக்டர் கேட்டாரு என்கிட்ட. உடம்புல ஈரம் இருந்துச்சாம்மான்னு. நான் ஒண்ணுமே சொல்லல. அப்படியே நின்னேன்."

"அது... அவங்க எல்லாரையும் கேக்கறதுதான்."

"முந்தின நாளே துவைச்சிருக்கணும். வெயில் இருந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? படுத்துக்கிட்டு போன்ல வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தேன். அவரு கூட, சட்டை சட்டைன்னு நினைவுபடுத்தினாரு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னுட்டேன்." அவள் அழவில்லை. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வது போல் சொன்னாள். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு காஞ்ச சட்டை கொடுக்கத் தெரியல எனக்கு."

"நீ என்கிட்ட தேய்க்கக் கேட்டே. நான்தான் நேரமில்லன்னேன்."

"நீங்க வேலைக்குப் போயிட்டு வந்து அவங்க சாமானெல்லாம் வேற எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தீங்க. உங்களை எப்படிக்கா சொல்றது?"

இவள் எதிரே உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம். இந்த இடத்தில், இப்போது. சட்டை இல்லை, அந்த வயர் என்று இரண்டே வார்த்தை. வாய்க்குள் அவை கல் மாதிரி கிடந்தன. கீழே மாஸ்டர் இருமுவது கேட்டது.

"இன்னிக்கு ஒரு பொம்பளை வந்தாக்கா. அந்த மண்டபத்துக் கரண்டுக்காரரோட சம்சாரம். அவரைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்குல்ல. படியில உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. திட்டுவான்னு பார்த்தா அழறா. உங்க வீட்டுக்காரர் ஈரமா இருந்தாராமே, அதை மட்டும் சொல்லிடுங்கம்மான்னா." சின்னவள் பையை மூடினாள். "சொல்லப் போறேன். நாளைக்குக் காலைல கரண்டு ஆபீஸ்லேருந்து விசாரிக்க வர்றாங்களாமே. சட்டையையும் காட்டப் போறேன். என்னாலதான்னு சொல்லிடறேன். அந்தப் பொம்பளையாவது வீட்டுக்காரரோட இருக்கட்டும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சொன்னாத்தான்க்கா எனக்குத் தூக்கம் வரும்."

இவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். சின்னவள் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்றாள். விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

கீழே பீப்பா நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்கும் என்று அவள் நினைத்ததில்லை. மேசையில் டீ ஆடை கட்டிக்கிடந்தது. மாஸ்டர் கட்டிலுக்கு அருகே தரையில் இருந்தான். பக்கத்தில் பழைய பெட்டி. அதிலிருந்து ஒரு புது வயர் நீண்டிருந்தது. அதன் முனையில் மூன்று பின்னும் பளபளத்தன.

"மாத்திட்டேன்," என்றான் மாஸ்டர்.

நடந்தது அவளுக்குத் தெரியும். விபத்து நடந்து மண்டபமே கலவரப்பட்டுக் கிடந்த நேரத்தில், பழைய பெட்டி வேனுக்குப் போய்விட்டது. பழுதான நல்ல பெட்டி அதன் இடத்துக்கு வந்துவிட்டது. போலீஸ் வந்து படம் எடுத்தது அதைத்தான். யார் சொல்லி யார் தூக்கினார்கள் என்பதை இரண்டு பேருமே இதுவரை சொல்லவில்லை.

பீப்பா பேசத் தொடங்கினார். அவளைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன் தங்கச்சி. மெயின் பெட்டி கருகின வாடை வந்து நின்னதும், அவன் சிரிக்கிறான். நாங்க ஸ்பேரைத் தூக்கி வைக்கிறோம். மாட்டுறோம். சத்தம் வந்துடுச்சு. அவன் மைக் பக்கத்துல வராம, தூரத்துல நின்னபடியே சத்தமா சொல்றான், எங்க அண்ணி மட்டும் இல்லைன்னா இன்னிக்கு நீங்க என் மொட்டைத் தொண்டையைத்தான் கேட்டிருக்கணும், அவங்களுக்கு ஒரு கைதட்டுக் கொடுங்கன்னு. ஜனம் தட்டுச்சும்மா. நல்லாத் தட்டுச்சு. அப்புறம் அவன் கம்பியில கையை வச்சபடி மைக்குக்கு வாயைக் கொண்டு போனான்."

அவர் டீ டம்ளரை விரலால் தள்ளி வைத்தார்.

"கையை எடுக்க முடியல அவனால. கிடார் வீல்னு கத்துது. நான் பாட்டுலதான் ஏதோ பண்றான்னு நினைச்சு அடிச்சுக்கிட்டே இருந்தேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. அப்புறம்தான் எழுந்து ஓடி வயரை உதைச்சேன்."

"எதுக்குண்ணே இப்ப இதெல்லாம்," என்றான் மாஸ்டர்.

"இல்ல, கைதட்டினதைச் சொல்லணும்னு நினைச்சேன்."

பீப்பா எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, திரும்பாமலே, "மாஸ்டர், தங்கச்சியை இதுல இழுக்க வேண்டாம். வேற ஏதாவது பார்ப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார். வேற என்ன என்று அவருக்கே தெரியாது என்பது அவர் நடையில் தெரிந்தது.

மாஸ்டர் ஒரு பழைய துணிப்பையை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அறுத்தெடுத்த வயர் அதற்குள் சுருண்டிருந்தது. அவசரத்தில் முனையை மட்டும் உருவி மாட்டியிருந்தார்கள்; அவள் போட்ட முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தது.

"நாளைக்கு ஆபீசர் வந்தா இந்த வீட்ல இருக்கற பெட்டியைக் காட்டுன்னு கேப்பான். காட்டுவேன். மூணு பின் இருக்கு. அன்னிக்கு இது வீட்லதான் இருந்துச்சுன்னு நீயும் சொல்லணும்."

"வீட்ல இல்லையே."

"தெரியும்ல எனக்கு? தெரியாமயா பேசறேன்? என் கூடப் பிறந்தவன்டி அவன். நான் சைக்கிள் கேரியர்ல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போய் கிடார் கத்துக் கொடுக்கச் சேர்த்துவிட்டவன். அந்தப் பின்னை நான் ராவும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்கு ஒரு இரைச்சல் பொறுக்கல. அவ்வளவுதான். ஒரு இரைச்சல்."

அவள் அவன் பின்கழுத்தைப் பார்த்தாள். குனிந்திருந்தான். அதே கழுத்து. அன்று விருந்துக் கூடத்தை விட்டு எழுந்து போனது போல இப்போது எழுந்து போக முடியாது. போகவும் தோன்றவில்லை. கையை அதன்மேல் வைத்தாள். சூடாக இருந்தது.

"கரண்டுக்காரர் உள்ள இருக்காரே," என்றாள்.

"அந்த மண்டபத்துலயும் தப்பு இருக்கு. ஷாக் அடிச்சா தானா கட் ஆகிற சுவிட்சு ஒண்ணு இருக்கணும். இல்ல. அதை அவன் கேட்டு வாங்கி மாட்டியிருக்கணும்ல?"

"இருக்கணும். இது அவர் தப்பு. அது நம்ம தப்பு."

அவன் பழைய பெட்டியின் உரிந்த மூலையை நகத்தால் நீவினான். பிறகு, ஒரு வழி கண்டுபிடித்தவன் போல, கிட்டத்தட்ட நிதானமாகச் சொன்னான். "சின்னவ ஏதோ சட்டை சட்டைன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. சொல்லட்டும். ஈரச் சட்டைக்காக யாரையும் ஜெயில்ல போட மாட்டாங்க. கரண்டுக்காரனும் வெளிய வந்துருவான். விபத்துன்னு முடிச்சிருவாங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

யாருக்கும் நஷ்டமில்லை. மாடியில் இருப்பவளுக்கு இருபத்துச் சொச்சம் வயது. இனி ஒவ்வொரு மழைக்கும் அவள் கொடிக்குக் கீழே நிற்பாள். காய்ந்த துணியை மறுபடி தொட்டுப் பார்ப்பாள், மறுபடி தொட்டுப் பார்ப்பாள். வேறு வீடு போனாலும், வேறு வாழ்க்கை அமைந்தாலும், ஒரு காலரைத் தொடும்போதெல்லாம் கொலைகாரியாகத் தொடுவாள். இங்கே கீழே இவளும் மாஸ்டரும் சோறு சாப்பிடுவார்கள்.

"என்ன யோசிக்கறே?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட வாங்க."

ரொட்டியை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவன் சாப்பிட்டான், பசித்திருந்தது அவனுக்கு. அதைப் பார்க்க அவளுக்கு இரக்கமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. எது எதன் மேல் இருக்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

காலையில் வெயில் அடித்தது. பல நாளைக்குப் பிறகு வந்த வெயில். எதிர்வீட்டு மாடிச்சுவர் முழுக்கத் துணி. மாஸ்டர் முன்னாலேயே எழுந்து முகம் மழித்து நல்ல சட்டை போட்டிருந்தான். பழைய பெட்டியைத் துடைத்துச் சுவரோரம் வைத்திருந்தான். அவளுடைய சாப்பாட்டு டப்பாவையும் அவனே எடுத்து வைத்திருந்தான். டப்பா அந்தத் துணிப்பைக்குள் இருந்தது, வயருக்கு மேலே.

"நான் யோசிச்சேன்," என்றான். குரல் மென்மையாக இருந்தது. முகத்தில் மழித்த இடத்தில் சின்னதாக ரத்தம் துளிர்த்திருந்தது. "உன்னைப் பொய் சொல்லச் சொன்னது தப்பு. நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. வீட்ல ஆள் இல்லைன்னா யாரைக் கேப்பான்? போகும்போது அதை உங்க லாண்டரிச் சிவப்பு வாளியில போட்டுரு. அங்க இருக்கற குப்பையோட குப்பை. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவ்வளவுதான். நடந்து போக வேண்டும். வழக்கமான தெரு, வழக்கமான வளைவு. கதவோரம் குனிந்து, உடைந்த பிளக்குகளுக்கு நடுவே இன்னொரு உடைந்த பிளக். எத்தனையோ தடவை செய்ததுதான். அந்தக் கை அதைத் தானாகவே செய்யும். டிரைவரிடம், நான் அவங்களோட வரலை என்று சொன்ன வாய்க்கு இன்று சொல்வதற்குக்கூட ஒன்றுமில்லை.

அவள் செருப்பை மாட்டினாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள். கனமில்லை. நிலைப்படி வரை போனாள்.

மாடியில் கதவு திறந்தது. சின்னவளின் குரல் கேட்டது: "அக்கா, கிளம்பிட்டீங்களா? அவங்க வந்தாங்கன்னா நான் முதல்ல பேசணும்னு மாமாகிட்ட சொல்லிட்டுப் போங்க. எனக்கு அப்புறம் தைரியம் போயிடும்."

தெருமுனையில் ஒரு ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. கதவு எண்களைப் பார்த்தபடி மெதுவாக வந்தது.

"போ," என்றான் மாஸ்டர் மெல்லிய குரலில். "பின்பக்கமா போ."

அவள் செருப்பைக் கழற்றினாள். திரும்பி வந்து பையிலிருந்து டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு வயரை எடுத்து, தான் போட்ட முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. மேசை நடுவில், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில், இரண்டு பின்னும் மேலே தெரியும்படி வைத்தாள்.

"என்ன பண்றே நீ?" அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "உன்னை எதுவும் சொல்லச் சொல்லலையே. போன்னுதானே சொல்றேன். போனாப் போதும்னுதானே கெஞ்சறேன்."

படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது. கூடவே பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றக் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இன்னிக்கு வேலைக்குப் போகலைங்க," என்றாள்.